பாதிப்பாட்டு

அய்மானின் இரண்டாவது ஆல்பத்தில் எட்டுப் பாட்டு முடிந்திருந்தது. ஒன்பதாவதும் முடிந்த மாதிரிதான். ஆனால் அதில் பாடுகிற பெண் யார் என்று அவனுக்குத் தெரியாது.

புதுச்சேரி முல்லா வீதியில் அவனுக்கு ஒரு கடை இருந்தது. பழைய கல்யாண வீடியோ கேசட்டுகளைச் சிடியாக மாற்றித் தருவது தொழில். 2006இல் அது நன்றாக ஓடிய தொழில். வீட்டுக்கு வீடு டெக் பழுதாகிப் பரணுக்குப் போயிருந்தது. கேசட்டில் பூஞ்சை பிடிப்பதற்குள் கல்யாணத்தைக் காப்பாற்றிவிட வேண்டுமென்று ஜனங்கள் பை பையாகக் கொண்டுவந்தார்கள். கவுண்டரில் அவன் மனைவி சலீமா உட்காருவாள். கேசட்டை வாங்கிக்கொண்டு, எப்போது வர வேண்டுமென்று சொல்லி அனுப்புவது அவள். உள்ளறையில் அதை ஓடவிட்டு முடியும்வரை காத்திருப்பது அவன். அப்படிக் காத்திருக்கும்போது அய்மான் படத்தைப் பார்க்கமாட்டான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்பான்.

நாதஸ்வரக்காரர் வாசிக்கத் தொடங்குமுன் சீவாளியை ஊதிப் பார்ப்பது, பந்தலுக்குப் பின்னால் ஜெனரேட்டர் இரைவது, 'ஹலோ, மைக் டெஸ்ட்' என்று யாரோ மைக்கைத் தட்டுவது, பந்தியில் எவர்சில்வர் வாளி இடறிவிழுவது. இப்படிப்பட்ட துண்டுகளை வெட்டி எடுத்துக் கம்ப்யூட்டரில் அடுக்குவான். ஒன்றை இழுப்பான், ஒன்றைச் சுருக்குவான், ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவான். கொஞ்ச நேரத்தில் ஜெனரேட்டர் சுருதி போடும், வாளி தாளம் போடும். அவன் கையில் ஒரு வாத்தியமும் கிடையாது. ஒன்றையும் வாசிக்கவும் தெரியாது.

பிரான்ஸின் மார்சேய் நகரத்திலிருந்து வந்திருந்த ஒதீல் என்ற பெண் ஒருமுறை ஏதோ நாட்டிய வீடியோவைப் பிரதியெடுக்கக் கடைக்கு வந்தாள். உள்ளறையிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள். அவள் ஒரு சின்ன இசை நிறுவனம் நடத்துகிறவள். அடுத்த வருஷமே 'மைக் டெஸ்ட்' என்ற பேரில் அய்மானின் முதல் ஆல்பத்தை அங்கே வெளியிட்டாள். பிரான்ஸில் ஒரு பத்திரிகை அதைப் பாராட்டி எழுதியது. முல்லா வீதியில் யாருக்கும் அது தெரியவில்லை. ஆல்பம் என்றால் அங்கே கல்யாண போட்டோ ஆல்பம்தான். மகன் பிரான்ஸுக்கு ஏதோ ஆல்பம் அனுப்பியிருக்கிறான் என்று கேள்விப்பட்ட அவன் அத்தா, "யாரு கல்யாணம்டா?" என்று கேட்டார்.

முதல் ஆல்பம் வந்தபோதே சலீமா ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள்.

"நம்மள நம்பிக் குடுத்துட்டுப் போற கேசட்டுங்க. கேக்காம எடுக்கறது எனக்கு என்னமோ மாதிரி இருக்குது."

"ஜெனரேட்டர் சத்தத்துக்கு யார்கிட்ட போயி கேக்கறது சலீமா?"

அவள் கவுண்டருக்குத் திரும்பிப் போய்விட்டாள். ஆனால் இரண்டாவது ஆல்பத்தின் ஒன்பதாவது பாட்டில் இருந்தது ஜெனரேட்டர் இல்லை.

ஏதோ ஒரு கல்யாணத்தில் நலங்கு வைக்கிறார்கள். கேமரா மணப்பெண்ணின் முகத்தைவிட்டு நகரவில்லை. பக்கத்தில், படத்துக்கு வெளியே, ஒரு பெண் பாடத் தொடங்குகிறாள்.

பந்தலுக்குக் காவல் வச்ச பால்நிலவே கேளடியோ
பாய்மேல உக்காந்தவ எங்க வீட்டு...

அவ்வளவுதான். அங்கே குரல் நின்றுவிடுகிறது. மூச்சு ஒன்று உள்ளே இழுக்கப்படுகிறது. மெதுவாக ஒரு 'அய்யோ'. பிறகு ஒரு சிரிப்பு. அடக்கப் பார்த்து, முடியாமல், விட்டுவிட்ட சிரிப்பு. அதன்மேல் சுற்றியிருந்தவர்களின் சிரிப்பு வந்து மூடிக்கொள்கிறது.

அய்மான் அந்த மூச்சைத் தாளமாக வைத்தான். அந்தச் சிரிப்பை மெல்ல இழுத்து ராகமாக்கினான். 'எங்க வீட்டு, எங்க வீட்டு' என்று குரல் திரும்பத் திரும்ப வந்து, சொல்ல வந்ததைச் சொல்லாமலே போய்க்கொண்டிருந்தது. முதல் ஆல்பத்துக்குப் பிறகு இரண்டு வருஷமாக ஒன்றுமே சரியாக அமையாமல் தவித்தவனுக்கு, இதைச் செய்த அன்று கண் கலங்கிவிட்டது. மற்ற எட்டுப் பாட்டும் இதற்கு வழிவிடத்தான் என்று தோன்றியது.

அப்போதுதான் ஒதீலிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சை வைத்து அவன் தட்டுத்தடுமாறி வாசித்தான். அவள் வெளியிட்ட வேறொருவரின் ஆல்பத்தில் கேட்காமல் எடுத்த குரலொன்று வழக்காகிவிட்டதாம். இனி யாருடைய குரல் கேட்டாலும் அவர் சம்மதித்துக் கையெழுத்திட்ட காகிதம் வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பாட்டை வெளியிட முடியாது.

எட்டுப் பாட்டுகளுக்குப் பிரச்சினை இல்லை. அவற்றில் இருந்த குரல்கள் அவன் அத்தாவுடையவை, நண்பர்களுடையவை. ஒன்பதாவதை நினைத்து அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

"எந்தக் கேசட்டு அது?" என்றாள் சலீமா.

"பிரான்ஸ் கேசட்டு. நம்ம டெக்குல மட்டும்தான் கலர் வந்துதுன்னு சொன்னாரே ஒருத்தரு."

அவளுக்கு உடனே நினைவு வந்துவிட்டது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்களின் வீடுகளைப் புதுச்சேரியில் சொல்தா வீடு என்பார்கள். அப்படியொரு வீட்டு மாப்பிள்ளையின் கல்யாணம் அது. பிரான்ஸிலிருந்து கொண்டுவந்த கேமராவில் எடுத்ததால் இங்கே உள்ள டெக்குகளில் படம் கறுப்பு வெள்ளையாகத்தான் ஓடும். அதைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக அலைந்து கடைசியில் இவர்களிடம் வந்தவர் ஒரு தனியார் பஸ் டிரைவர்.

"பெரிய மீசை வச்சிருப்பாரு. பேரு ஆதிமூலம். லாஸ்பேட்டை. சம்சாரத்தோட அக்கா கல்யாணக் கேசட்டுன்னு சொன்னாரு. சொந்தக் கல்யாணத்த வுட்டுட்டு சம்சாரத்தோட அக்கா கல்யாணத்துக்கு இந்த அலைச்சலான்னு நான்கூட நெனச்சேன்." அவள் ஷட்டரை இழுத்துவிடும் கம்பியைக் கையில் எடுத்தாள். "கெளம்புங்க. குரல்னா அது ஒரு ஆளு. ஆளத் தேடிப் போயி கேட்டுதான் ஆவணும்."

லாஸ்பேட்டையில் ஆதிமூலத்தின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அவரே கதவைத் திறந்தார். வேலை இல்லாத நாள். லுங்கியும் பனியனுமாக இருந்தார். வந்தவர்களை அடையாளம் கண்டு, நாற்காலியில் இருந்த துணிகளை அள்ளி ஒதுக்கி உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தார். அய்மான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"அந்தக் கொரலா? எங்கயும் தேட வேணாம் தம்பி. உள்ளதான் இருக்குது." சமையலறைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். "ஏ, பாதிப்பாட்டு! இங்க வா. ஒன்னத் தேடிக்கிட்டு ஆளு வந்திருக்குது பாரு."

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள் தையல்நாயகி. நாற்பதை எட்டப் போகிற வயது. கல்லூரி ஒன்றின் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தாள். வாசலில் நின்ற ஸ்கூட்டர் அவளுடையதுதான். அய்மான் கொண்டுவந்திருந்த சிடி பிளேயரின் ஹெட்போனை நீட்டினான். அவள் தலைமுடியை ஒதுக்கி, அதை மாட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி முழுப் பாட்டையும் கேட்டாள். நடுவே ஆதிமூலம் "எப்பிடி இருக்குது?" என்று கேட்டது அவள் காதில் விழவில்லை.

ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"நான்தான் தம்பி. எங்க அக்கா கல்யாணம். ஆனா இத போடக் கூடாது."

"ஏங்க்கா? ரொம்ப அழகா இருக்குதே."

"அழகா? வரி மறந்துபோயி நின்னத நீங்க நூறு தரம் ஓட்டிக் காட்டுறீங்க." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "அன்னிக்கு ஒரு சொல்லு ஞாபகத்துக்கு வரல. அதுக்கு இன்னிக்கு வரைக்கும் சொந்தக்காரங்க என்னப் பாத்தா 'எங்க வீட்டு... எங்க வீட்டு...'ன்னு இழுத்துக் காட்டி சிரிப்பாங்க. பாதிப்பாட்டுன்னு பேரு வச்சிட்டாங்க. அதுக்கப்பறம் நான் ஒரு விசேஷத்துலயும் வாயத் தெறந்ததில்ல. இப்ப பிரான்ஸ்லயும் போயி சிரிக்கணுமா?"

ஆதிமூலத்தின் முகத்தில் இருந்த மலர்ச்சி அப்படியே நின்றுபோனது. அவர் எழுந்துபோய் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார். அது ஏற்கெனவே முழு வேகத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

சலீமா தம்ளரைக் கீழே வைத்தாள். "அக்கா, ஒங்களுக்கு இஷ்டம் இல்லன்னா இது வெளிய போகாது. கேக்கத்தான் வந்தோம்."

தையல்நாயகி அவளைப் பார்த்தாள். கேட்கத்தான் வந்தோம் என்றது அவளுக்குப் பிடித்திருந்தது போலிருக்கிறது. கொஞ்சம் இறங்கிவந்தாள்.

"பாட்டு எனக்கு முழுசாத் தெரியும்மா. அன்னிக்குத்தான் மறந்துது. முழுசா பாடித் தரேன். அத போடுங்க. அதுக்குக் கையெழுத்துப் போடறேன்."

அய்மானுக்கு வேறு வழி இல்லை. சரியென்றான்.

ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வந்து, கடையைத் திறக்காமல் உள்ளறையைத் தயார் செய்தார்கள். சுவரெங்கும் போர்வைகளைத் தொங்கவிட்டார்கள். தையல்நாயகி அலுவலகத்தில் அரைநாள் லீவு போட்டுவிட்டு, கஞ்சி போட்ட காட்டன் புடவையில் வந்தாள். பிரான்ஸில் துலூஸ் நகரத்தில் இருக்கும் அக்காவுக்கு போன் செய்து, சந்தேகமிருந்த வார்த்தைகளையெல்லாம் சரிபார்த்திருந்தாள். மைக் முன்னால் நின்றதும் முந்தானை நுனியை விரலில் சுற்றத் தொடங்கினாள். சலீமா பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"எனக்காகப் பாடுங்கக்கா. மைக்க வுடுங்க."

அவள் பாடினாள்.

பந்தலுக்குக் காவல் வச்ச பால்நிலவே கேளடியோ
பாய்மேல உக்காந்தவ எங்க வீட்டுப் பௌர்ணமிடீ
சந்தனத்தக் கொழச்சு வச்சோம் சந்துக்கெல்லாம் வாசமடி
சாயங்காலம் ஆன பின்னே இங்க நெலா ஏதடியோ

இன்னும் மூன்று சரணம் இருந்தது. ஓரிடத்தில்கூடத் தடுக்கவில்லை. முடித்ததும் சலீமா எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தையல்நாயகி ஒரு சொம்பு தண்ணீரையும் குடித்துவிட்டு, அய்மான் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"இப்ப சிரிக்கச் சொல்லுங்க பாக்கலாம்" என்றாள் வாசலில் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டே.

அவள் போன பிறகுதான் அய்மானின் கஷ்டம் தொடங்கியது. புதிய பதிவு நன்றாக இருந்தது. சுருதி இருந்தது, சொல் சுத்தமாக இருந்தது. ஆனால் அவனுடைய பாட்டுக்குள் அது போகவில்லை. வெட்டிப் பார்த்தான். ஒவ்வொரு வெட்டிலும் குரல் கோபித்துக்கொண்ட மாதிரி இருந்தது. முழுதாகப் பாடவேண்டுமென்று உறுதியோடு வந்து நின்ற ஒருத்தியைத் துண்டு போடுவது அவனுக்கே பொறுக்கவில்லை. தாளத்தை மெதுவாக்கினான், எடுத்தான், மறுபடி போட்டான். ஒரு மாசம் இப்படியே ஓடியது. கேசட்டுக்காரர்கள் வந்து நின்று முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். ஒதீல் இரண்டு தடவை எழுதிக் கேட்டுவிட்டாள்.

ஒரு மத்தியானம் சாப்பிடும்போது அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அந்தக் காகிதத்துல பழைய பதிவு, புதுப் பதிவுன்னு ஒண்ணும் எழுதல. 'என் குரல்'னு மட்டும்தான் இருக்குது."

சலீமா மீன் குழம்புச் சட்டியை அவன் பக்கத்திலிருந்து தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டாள்.

"அத செஞ்சீங்கன்னா, இனிமே கவுண்டர்ல நீங்களே ஒக்காந்துக்குங்க. வர்றவங்க மூஞ்சியப் பாத்துக் கேசட்டு வாங்க என்னால முடியாது."

"சும்மா சொன்னேன்."

"சும்மா சொல்லல. நெனச்சீங்க, சொன்னீங்க." பிறகு அவன் முகத்தைப் பார்த்து மனசு இளகி, சட்டியைத் திரும்ப நகர்த்தினாள். "அந்தப் பாட்டு இல்லாட்டிதான் என்னா? எட்டு இருக்குதுல்ல?"

எட்டு இருக்கிறது. ஆனால் அந்த எட்டும் எதற்காக இருக்கிறதென்று அவனுக்குத்தானே தெரியும். மறுநாள் ஒதீலுக்கு எழுதிவிடலாம் என்று முடிவு செய்தான். ஒன்பதாவது இல்லை, எட்டோடு வெளியிடு என்று.

மறுநாள் காலையில் கடை திறந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஆதிமூலம் வந்தார். காக்கிச் சட்டையில் இருந்தார். பஸ் ஒர்க்‌ஷாப்பில் நிற்பதாகச் சொன்னார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"தம்பி, அந்தப் பழசு இருக்குதா? மூச்சு வாங்கி சிரிக்குமே, அது. ஒரு தரம் போடு."

அய்மான் போட்டான். ஹெட்போன் அவருடைய பெரிய தலைக்குச் சரியாக உட்காரவில்லை. இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் இன்னொரு தரம் என்று விரலைக் காட்டினார்.

"வீட்டுல சிடி இருக்குது. எடுத்துப் போட்டா அவ எழுந்து உள்ள போயிடறா" என்றார். "அதான் இங்க வந்தேன்."

"எதுக்குண்ணே அந்தக் கேசட்டுக்கு அம்மாம் அலைஞ்சீங்க?" என்று கேட்டாள் சலீமா.

அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"அந்தக் கல்யாணத்துக்கு நான் மாப்ள வீட்டு வேன் டிரைவரு. உள்ள யாரு கூப்புடப் போறாங்க? பந்தலுக்கு வெளிய வேனத் தொடச்சிக்கிட்டு நிக்கறேன். உள்ள ஒரு பொண்ணு பாடுது. திடீர்னு நின்னுபோயி, அய்யோன்னு ஒரு சிரிப்பு. நான் ஆளப் பாக்கவே இல்லம்மா. துணி கையிலயே நின்னுடுச்சு. யாரு அதுன்னு சமையல்காரர விசாரிச்சேன். பொண்ணோட தங்கச்சின்னாரு. அப்பறம் எங்க வீட்டுல சொல்லி, நடையா நடந்து, ஒரு வருஷம் கழிச்சுதான் பொண்ணு குடுத்தாங்க."

உள்ளறையில் கேசட் ஓடி முடிந்து டெக் தானாக நின்ற சத்தம் கேட்டது.

"இத அக்காகிட்ட சொல்லியிருக்கீங்களா?" என்றாள் சலீமா.

"இத எப்பிடிம்மா சொல்றது? பொண்ணு பாக்கப் போன அன்னிக்கு எல்லாரும் பாதிப்பாட்டு பாதிப்பாட்டுன்னு கூப்புட்டாங்க. நானும் கூப்புட்டேன். எனக்கு அதுல எல்லாம் அடங்கிப்போச்சு. அவளுக்கும் தெரியும்னு நெனச்சேன். அன்னிக்கு ஒங்க முன்னால அவ சொன்னப்பதான்..."

"அண்ணே, போயி சொல்லுங்க."

"இத்தினி வருஷம் கழிச்சா?"

"இன்னிக்கே சொல்லுங்க. கூச்சமா இருந்தா சாப்பாடு போடறப்ப சொல்லுங்க. கையில வேல இருந்தா மூஞ்சியப் பாக்க வேண்டியதில்ல."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். சொல்வாரென்று அய்மானுக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஒதீலுக்கு எழுத வேண்டியதை அன்று எழுதவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தையல்நாயகியின் ஸ்கூட்டர் கடை வாசலில் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கவுண்டர்மேல் வைத்தாள். கண் சற்று வீங்கியிருந்தது. ஆனால் முகம் தெளிவாக இருந்தது.

"ஒங்க அண்ணன் சொன்னாரு" என்றாள் சலீமாவிடம். "கொழம்பு ஊத்திக்கிட்டு இருந்தேன். கரண்டியோட நின்னுட்டேன். ஊரு கேலி பண்ணா பண்ணட்டும், நீங்களுமான்னு மனசுக்குள்ள எத்தினி நாளு குமுறியிருக்கேன் தெரியுமா? இவரு என்னன்னா அதையே பொக்கிஷமா வச்சிருந்திருக்காரு. நல்லா திட்டினேன். அப்பறம் ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்து அந்த சிடியப் போட்டுக் கேட்டோம்."

"எப்பிடி இருந்துதுக்கா?"

"சின்னப் பொண்ணு. பயந்துபோயி சிரிக்குது. பாவமாத்தான் இருந்துது." அவள் அய்மான் பக்கம் திரும்பினாள். "தம்பி, புதுசு ஒங்களுக்கு ஒத்துவரலன்னு சலீமா போன்ல சொன்னா. ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க அவ்வளவு ஆசையா பாடுனீங்க..."

"நல்லா இருக்குதே கதை. நீங்களும் அவர மாதிரி வாயில பூட்டுப் போட்டுக்கற ஆளா?" அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "ரெண்டையும் போடுங்க. ஆனா முழுசு முதல்ல வரணும். வெட்டக் கூடாது, கீழ டமுக்கு டமுக்குன்னு ஒண்ணும் வரக் கூடாது. எனக்குப் பாட்டுத் தெரியும்னு கேக்கறவங்களுக்குத் தெரியட்டும். அதுக்கப்பறம் பாதி வரட்டும். அப்ப சிரிச்சா எனக்குக் கவலையில்ல."

அய்மானுக்கு முதலில் அது உவப்பாக இல்லை. நாலு நிமிஷத்துக்கு மேல் வெறும் குரலா? அவனுடைய ஆல்பத்தில் அவன் ஒன்றுமே செய்யாத ஒரு பாட்டா? ஆனால் அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அவளையும் சலீமாவையும் உள்ளறைக்குக் கூட்டிப்போய், கம்ப்யூட்டரில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்து ஓடவிட்டான்.

முழுப் பாட்டு முடிந்தது. கடைசிச் சரணத்துக்குப் பிறகு ஒரு சின்ன இடைவெளி. பிறகு அதே பாட்டு, அதே பெண், பதினெட்டு வருஷம் இளைய குரலில் தொடங்கியது. 'எங்க வீட்டு...' என்று அது நின்றபோது, அடுத்த சொல் என்னவென்று அறையிலிருந்த மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. சலீமாவின் உதடு தானாக 'பௌர்ணமி' என்று அசைந்தது. அந்த மூச்சும் சிரிப்பும் வந்து தாளம் தொடங்கியபோது, அது தோற்றுப்போன ஒருத்தியின் சிரிப்பாக இல்லை. எல்லாம் தெரிந்த ஒருத்தி, சந்தோஷம் தாங்காமல் நிறுத்திவிட்டுச் சிரிக்கிற மாதிரி இருந்தது. இத்தனை மாதம் அவன் செய்த தாளம் அதேதான். ஒரு இழைகூட மாறவில்லை. ஆனால் அது இப்போதுதான் முடிந்ததென்று அவனுக்குப் பட்டது.

அவன் கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். தையல்நாயகி சலீமாவைப் பார்த்து, "புடிக்கலியா தம்பிக்கு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"புடிச்சிருக்குது. அவரு இப்பிடித்தான்" என்றாள் சலீமா.

ஒதீலுக்கு அந்த நாலு நிமிஷம் புரியவில்லை. சுருக்க முடியுமா என்று கேட்டாள். முடியாதென்று அய்மான் எழுதினான். ஏன் என்று அவனுடைய பிரெஞ்சில் விளக்கத் தெரியவில்லை. 'பாடினவர் அப்படிச் சொல்லிவிட்டார்' என்று மட்டும் எழுதினான். அதற்குமேல் அவளும் கேட்கவில்லை.

அடுத்த வருஷத் தொடக்கத்தில் இரண்டாவது ஆல்பம் 'பந்தல்' என்ற பேரில் வெளிவந்தது. முதல் ஆல்பத்தைப் பாராட்டிய பத்திரிகை, இது அந்த அளவுக்கு இல்லை என்று எழுதியது. வேறொன்று மற்ற எட்டைப் பற்றி ஒரு வரியும் சொல்லாமல் கடைசிப் பாட்டைப் பற்றியே அரைப் பக்கம் எழுதியது. விற்பனை முதல் ஆல்பத்தைவிடக் குறைவுதான். அய்மானுக்கு ஒரு வாரம் வருத்தமாக இருந்தது. பிறகு துலூஸிலிருந்து தையல்நாயகியின் அக்கா கடைக்கே போன் செய்தார். அந்த ஊர்க் கடையில் இருந்ததையெல்லாம் வாங்கிவிட்டாராம், இன்னும் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். அன்றோடு வருத்தம் போய்விட்டது.

பெட்டியில் வந்த சிடிகளில் முதல் ஒன்றைத் தையல்நாயகியிடம் கொடுத்தார்கள். பின் அட்டையில் அவள் பேரைப் பிரெஞ்சு வழக்கப்படி 'gi'க்கு நடுவில் ஒரு 'u' கூட்டிப் போட்டிருந்தார்கள். அய்மான் மன்னிப்புக் கேட்கப் போனான்.

"அட வுடுங்க. எங்க அக்கா வீட்டுக்காரரு இப்பிடித்தான் எழுதுவாரு. அந்த ஊர்ல எங்க பேரெல்லாம் கொஞ்சம் சதை போட்டுடும்" என்றாள்.

சிடியை முதலில் எல்லாரும் சேர்ந்து கேட்டது ஆதிமூலத்தின் பஸ்ஸில்தான். அதில் ஓட்டினால்தான் ஆயிற்று என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கனகசெட்டிக்குளம் போகும் நடை. இஞ்சின் பக்கத்துச் சீட்டில் தையல்நாயகி உட்கார்ந்திருந்தாள். பின்னால் அய்மானும் சலீமாவும். டவுனில் மீன் விற்றுவிட்டு வெறுங்கூடைகளோடு திரும்புகிற பெண்கள் நடுவழியெல்லாம் நிறைந்திருந்தார்கள். வண்டி முத்தியால்பேட்டையைத் தாண்டியதும் ஆதிமூலம் கடைசிப் பாட்டைப் போட்டார்.

"அண்ணே, மியூசிக் வரல. ஸ்பீக்கர் புட்டுக்கிச்சு போல" என்றார் கண்டக்டர்.

"மியூசிக் அப்பறமா வரும். நீ டிக்கெட்டக் குடு."

முதலில் பேச்சு நிற்கவில்லை. கருவடிக்குப்பம் வரும்போது முன்னால் இருந்தவர்கள் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். முழுப் பாட்டு முடிந்து, இளைய குரல் வந்து, பாதியில் நின்று சிரித்தது. கூடைமேல் கையூன்றி உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் நிமிர்ந்தாள்.

"நல்லாத்தான பாடிக்கிட்டு இருந்தா? ஏன் நிறுத்திட்டா?"

ஆதிமூலத்தின் பார்வை மேலிருந்த கண்ணாடி வழியாக மனைவியின் பக்கம் போனது. தையல்நாயகி திரும்பி உட்கார்ந்தாள்.

"வரி மறந்துபோச்சும்மா. நான்தான் பாடுனது."

"நீயா!" அந்த அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "மறந்தா என்னா? சாந்தி முகூர்த்தமா நின்னுபோச்சு? எங்க குப்பத்துல இதே பாட்டு வேற மாதிரி பாடுவோம். நெலா எல்லாம் கெடையாது. மாப்ளைக்கு வல வீசற மாதிரி வரும். வரி எல்லாம் ஒரே கூத்தா இருக்கும்."

பஸ்ஸே சிரித்தது. தையல்நாயகியும் சிரித்தாள். பாடச் சொல்லி நாலு பக்கமிருந்தும் குரல் எழுந்தது. ஆதிமூலம் கேட்காமலேயே பிளேயரை நிறுத்தினார். அய்மானின் கை பைக்குள் இருந்த ரெக்கார்டரைத் தொட்டது. அவன் சலீமாவைப் பார்த்துவிட்டு, எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடைகளைத் தாண்டி முன்னால் போனான்.

"அம்மா, ஒங்க பேரு என்னாங்க?"

"சின்னப்பொண்ணு. எதுக்கு?"

"நீங்க பாடறத நான் பதிவு பண்ணிக்கலாமா?"

அவள் அவனையும் அவன் கையிலிருந்த கருவியையும் பார்த்தாள். பிறகு ஜன்னலோரம் இருந்தவளைக் கையால் ஒதுக்கினாள்.

"இரு. வெத்தலயத் துப்பிட்டு வரேன்."